பெரியப்பாவின் ரீல்களும் பீட்டில்ஸின் பிபிசி பதிவுகளும்: இரைச்சலைத் துடைக்கலாமா?

சாட்ஸ்வொர்த் வாணி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பீட்டில்ஸ் குழுவினர் பிபிசி வானொலியில் பாடியவற்றைச் சில காலமாகச் சேர்த்து வருகிறேன். அவர்களுடைய இசைத்தட்டுகள் எல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனால் 1962 முதல் 1965 வரை வானொலிக்காக மட்டும் 275 முறை பாடியிருக்கிறார்கள். மொத்தம் 88 பாட்டுகள், அவற்றில் 36 பாட்டுகளை அந்தக் காலத்தில் அவர்கள் இசைத்தட்டாகப் போடவே இல்லை. ஓர் இடத்தில் மூச்சு வாங்குகிறது, ஓர் இடத்தில் அறிவிப்பாளரிடம் வம்புக்கு நிற்கிறார்கள், அடுத்த நிமிடமே கிட்டாரை எடுத்து ஒரே மூச்சில் வாசித்து முடிக்கிறார்கள். வேலைக்குப் போகிற பையன்களாக அவர்களைக் கேட்க வேண்டுமென்றால் இந்தப் பதிவுகளில்தான் கேட்க முடியும்.

என்னிடம் இருப்பது 1994-இல் வந்த ‘லைவ் அட் த பிபிசி’ இரட்டைத் தட்டு. அதற்கு அப்பால் எதை வாங்குவது என்று குழப்பமாக இருக்கிறது. ‘மீட்டெடுக்கப்பட்டது’ என்ற பெயரோடு பலவிதமான தொகுப்புகள் சுற்றுகின்றன. ஒரே பாட்டை நான்கு தொகுப்புகளில் கேட்டால் நான்கு விதமாக இருக்கிறது. ஒன்றில் டிரம்ஸின் தாளத்தட்டு தண்ணீருக்குள் இருந்து வருவதுபோல் கொழகொழக்கிறது. எதை நம்புவது?

இரண்டாவது கேள்விதான் எனக்கு முக்கியம். என் பெரியப்பா டர்பனில் கிளேர்வுட் பகுதியில் இருந்த நாளில் சிற்றலையில் லண்டனைப் பிடித்து ரீல் டேப்பில் பதிவு செய்து வைத்திருந்தார். குடும்பத்தைச் சாட்ஸ்வொர்த்துக்கு மாற்றியபோது வீட்டுச் சாமான் பாதி போனது, ரீல் பெட்டி மட்டும் போகவில்லை. இப்போது அது என்னிடம் இருக்கிறது. எல்லாம் ஐந்து அங்குல ரீல்கள். அட்டைகளில் மாலைத் தமிழ்ப் பள்ளியில் பழகிய குண்டு எழுத்தில், ‘லண்டன். சனி. லிவர்பூல் பையன்கள். காற்று அதிகம்’ என்பதுபோல் எழுதியிருக்கிறார். ‘காற்று’ என்று அவர் சொன்னது இரைச்சலை. பல அட்டைகளில் தேதி இல்லை. பெரியப்பா மகன், எங்கள் அண்ணன், 80-களில் ஒரு ரீலை மட்டும் கேசட்டில் நகல் எடுத்தார். அதைக் கணினியில் ஏற்றிவிட்டேன். ரீல்களை இன்னும் ஓடவிடவில்லை.

நகரத்தில் ஒரு கடையில் விசாரித்தேன். ‘ரீல்களைக் கொடுங்கள், இரைச்சலை முழுக்க எடுத்துவிட்டு எம்பி3 ஆகத் தருகிறோம்’ என்கிறார்கள். கொடுக்கலாமா? பள்ளி நூலகத்தில் வேலை பார்ப்பவள் நான். மூலப் பிரதியை வைத்துக்கொள்ளாமல் நகலை மட்டும் அடுக்குவது மனத்துக்கு ஒப்பவில்லை.

லெனேசியா சேகரிப்பாளர்:

வாணி அம்மா, முதல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். ரீல் விஷயத்தை மேர்பேங்க் ஐயாவிடம் விட்டுவிடுகிறேன், அவர் வராமல் இருக்க மாட்டார்.

1994 தொகுப்பை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அத்தோடு நிறுத்தாதீர்கள். 2013 நவம்பரில் அதையே திருத்தி மறுபடி வெளியிட்டார்கள். அதோடு சேர்ந்து ‘ஆன் ஏர்’ என்ற இரண்டாம் பாகமும் வந்தது. இந்த இரண்டையும் முதலில் வாங்குங்கள். பிறகு அதே ஆண்டு டிசம்பர் 17 அன்று இணையத்தில் மட்டும் வெளியான 59 தடங்கள் கொண்ட 1963 தொகுப்பு. அது வந்த காரணம் சுவையானது. ஐரோப்பாவில் ஒலிப்பதிவுக் காப்புரிமையை 50 ஆண்டிலிருந்து 70 ஆண்டாக நீட்டினார்கள், ஆனால் 50 ஆண்டுக்குள் வெளியிடாத பதிவுக்கு அந்த நீட்டிப்பு கிடையாது. 1963 பதிவுகளின் கெடு 2013-இன் கடைசி நாளோடு முடிய இருந்தது. அதனால் ஆண்டு முடியுமுன் சத்தமில்லாமல் வெளியிட்டுவிட்டார்கள். 1993-இல் இத்தாலியிலிருந்து வந்த 9 தட்டுகள் கொண்ட பெட்டி ஒன்றையும் பழைய ஆட்கள் புகழ்வார்கள். அது அதிகாரபூர்வமானது அல்ல. நான் அதற்காக யாரையும் பணம் செலவழிக்கச் சொல்ல மாட்டேன்.

ஒரே பாட்டு நான்கு விதமாக ஒலிக்கக் காரணம், மூலமே நான்கு விதம் என்பதுதான். அந்தக் காலத்தில் இசைத்தட்டுகளை வானொலியில் போடுவதற்கு மணிக்கணக்கு வரம்பு இருந்தது. இசைக் கலைஞர் சங்கத்தோடும் தட்டு நிறுவனங்களோடும் செய்துகொண்ட ஒப்பந்தம் அது. மீதி நேரத்தை நிரப்பக் குழுக்களையே ஸ்டூடியோவுக்கு அழைத்துப் பாட வைத்தார்கள். நமக்கு இந்த 275 கிடைத்தது அப்படித்தான். ஆனால் ஒலிபரப்பு முடிந்ததும் டேப்பை அழித்து அடுத்த நிகழ்ச்சிக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள். 1982-இல் பிபிசி தயாரிப்பாளர் கெவின் ஹவ்லெட் இதைப் பற்றி வானொலி நிகழ்ச்சி செய்யத் தேடியபோது பிபிசியின் சொந்தக் காப்பகத்தில் இருந்தது மிகக் கொஞ்சம். வெளிநாட்டு நிலையங்களுக்கு அனுப்பிய தட்டுகள், தயாரிப்பாளர்கள் தனியாக எடுத்து வைத்தவை, வீட்டில் ரேடியோ முன் உட்கார்ந்து நேயர்கள் பதிவு செய்த டேப்புகள் என்று பல இடங்களில் பொறுக்கித்தான் அந்தத் தொகுப்புகளைக் கட்டினார்கள். உங்கள் பெரியப்பாவைப் போன்றவர்களின் டேப்புகள் இல்லாவிட்டால் பாதி இருந்திருக்காது.

1966 நினைவுக்கு வருகிறது. பீட்டில்ஸின் ஜான் லெனன் சொன்ன ஒரு வாக்கியத்துக்காக ஆகஸ்ட் மாதம் நம் தென்னாப்பிரிக்க ஒலிபரப்புக் கழகம் அவர்களைத் தடை செய்தது. 1971 வரை அந்தத் தடை நீடித்தது. அப்போது நான் பள்ளிக்கூடப் பையன். அவர்கள் குரல் ஸ்பிரிங்பாக் ரேடியோவிலிருந்து மறைந்துபோனது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. உங்கள் பெரியப்பா லண்டன் பக்கம் ஊசியைத் திருப்பியது அதனால்தான் இருக்கும்.

மேர்பேங்க் ரேடியோ:

தங்கச்சி வாணி, அந்தக் கடைக்கு ரீல்களைக் கொடுக்காதே. நாளைக்கே போய் ‘வேண்டாம்’ என்று சொல்லிவிடு. ரேடியோவும் டேப் ரெக்கார்டரும் பழுது பார்த்தே நான் பிள்ளைகளைப் படிக்க வைத்தவன், அதனால் உரிமையோடு சொல்கிறேன். இரைச்சலை முழுக்க எடுப்பேன் என்பவன் எடுக்கப் போவது இரைச்சலை மட்டும் அல்ல. தாளத்தட்டின் ஓசையும், ‘ஸ’ என்ற எழுத்தின் கூர்மையும், கைதட்டலும் அந்தச் சீறல் இருக்கிற இடத்திலேயேதான் இருக்கின்றன. மென்பொருளுக்கு இரண்டையும் பிரிக்கத் தெரியாதபோது இரண்டையும் சேர்த்துத் தின்றுவிடும். நீ கேட்ட அந்தக் கொழகொழப்பு அதுதான். அதை எம்பி3 ஆகவும் சுருக்கிவிட்டால் பிறகு யார் வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது.

முதலில் ரீலைக் கண்ணால் பார். ஜன்னலோரம் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், சுற்றிய டேப் பக்கவாட்டில் ஒளியை உள்ளே விடுகிறதா? விட்டால் அது அசிடேட் பிளாஸ்டிக்கால் ஆன டேப். இருட்டாகவே இருந்தால் பாலியெஸ்டர். அசிடேட் காய்ந்து நொறுங்கும், ஆனால் ஒடிந்தால் ஓரம் நேராக இருக்கும், ஒட்டிவிடலாம். பாலியெஸ்டர் ஒடியாது, இழுபட்டுவிடும். இழுபட்ட இடம் போனதுதான். பிறகு மோந்து பார். புளித்த காடி வாசனை வந்தால் அசிடேட் கெடத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்த ரீலை மற்றவற்றிடமிருந்து தனியாக வை, அந்த ஆவி பக்கத்து ரீலையும் கெடுக்கும். முதலில் நகல் எடுக்க வேண்டியதும் அதையே. வெள்ளைப் பொடி தெரிந்தால் பூஞ்சை. நம் டர்பன் ஈரத்தில் அது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். மூக்கை மூடிக்கொண்டு துடைத்த பிறகுதான் மெஷினில் ஏற்ற வேண்டும். டேப்பை ஓவனில் சூடாக்க வேண்டும் என்று இணையத்தில் யாராவது சொன்னால் கேட்காதே. அது 70-களின் நடுவில் தொடங்கி வந்த சில ரகங்களுக்கு மட்டும், அவற்றின் பசை ஈரம் குடித்து ஒட்டிக்கொள்ளும். அசிடேட்டைச் சூடாக்கினால் அதோடு சரி.

அடுத்து, டேப்பின் அகலத்தில் எத்தனை தடமாகப் பதிந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். வீட்டு மெஷின்களில் சில ரெண்டு தடம், சில நான்கு தடம். நான்கு தட ஸ்டீரியோ மெஷினில் போட்டுக் காதுக்கருவியில் கேட்டால் தெரிந்துவிடும். இடது காதில் ஒரு நிகழ்ச்சி, வலது காதில் வேறொரு நிகழ்ச்சி, இரண்டும் நேராக ஓடினால் நான்கு தடம். வலது காதில் பேச்சு தலைகீழாக ஓடினால் ரெண்டு தடம். இது தெரியாமல் இரண்டையும் கலந்து ஒரே கோப்பாக்கிக் கொடுத்த வேலையை நான் பார்த்திருக்கிறேன், வயிறு எரிந்தது.

பிறகு ஹெட்டின், அதாவது டேப்பைப் படிக்கிற தலையின், சாய்வு. பெரியப்பா மெஷினில் ஹெட் எப்படிச் சாய்ந்திருந்ததோ அப்படியே ஓட்டுகிற மெஷினிலும் சாய்ந்திருக்க வேண்டும். ஒவ்வொரு ரீலுக்கும் சின்னத் திருப்புளியால் மயிரிழை மயிரிழையாகத் திருப்பிக் கேட்க வேண்டும். சரியான இடத்துக்கு வந்ததும் மேல் ஓசைகள் பளிச்சென்று திறக்கும். எந்த மென்பொருளும் செய்ய முடியாத வேலை இது. நகல் எடுக்கும்போது 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ், சுருக்காத கோப்பு. சீறல், முனகல், விசில் எல்லாம் அப்படியே இருக்கட்டும். அந்தக் கோப்பு மூலத்துக்குச் சமம், அதில் யாரும் கை வைக்கக்கூடாது.

கை வைக்க வேண்டியது வேகத்தில். என்னைக் கேட்டால் மீட்பு வேலையில் முக்கால் பங்கு இதுதான். சுருதி தப்பாக இருக்கிற பீட்டில்ஸை எவ்வளவு பளபளப்பாக்கினாலும் அது அவர்கள் குரல் அல்ல. நல்ல காலம், லண்டன் ஒலிபரப்பிலேயே அதற்கு அளவுகோல் இருக்கிறது. மணி அடிக்கும் முன் வரும் ஆறு ‘பீப்’ ஒலிகள் 1000 ஹெர்ட்ஸ். சிற்றலை எத்தனை ஏறி இறங்கினாலும் அந்தச் சுருதி மாறாது. உன் கணினிக் கோப்பில் அது 1020 காட்டினால் டேப் 2 சதவீதம் வேகமாக ஓடுகிறது, இறக்கு. பீப் இல்லாத ரீலில் மின்சாரத்தால் வரும் முனகலைப் பார். இங்கிலாந்திலும் இங்கேயும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பெரியப்பா பதிவு செய்த அன்று டேப்பில் ஏறிய முனகல் இப்போது 51 என்று காட்டினால் அதே கணக்கு. நகல் எடுக்கிற மெஷினின் முனகலும் 50-இல் கோடாகத் தெரியும், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதே.

அந்த பீப் இன்னொன்றும் சொல்லும். 1972 பிறக்கும் தறுவாயிலிருந்து ஆறாவது பீப்பை மட்டும் நீளமாக்கினார்கள். ஆறும் ஒரே அளவாக இருந்தால் அதற்கு முந்தியது. அறிவிப்பாளர் நிலையத்தின் பெயரை என்ன சொல்கிறார் என்பதையும் கவனி. ‘வேர்ல்ட் சர்வீஸ்’ என்ற பெயர் 1965-இல் வந்தது. அதற்கு முன் ‘ஜெனரல் ஓவர்சீஸ் சர்வீஸ்’. அட்டையில் தேதி இல்லாவிட்டாலும் டேப்பே தேதி சொல்லிவிடும். சீறலைத் துடைக்கிறேன் என்று பாட்டுக்கு முன்னும் பின்னும் வெட்டுகிறவர்கள் முதலில் குப்பையில் போடுவது இவற்றைத்தான். அதனால்தான் எனக்கு அவர்கள் மேல் கோபம்.

ஃபீனிக்ஸ் கவின்:

மாமா சொல்வதை மதிக்கிறேன், ஆனால் ஒரு விஷயத்தில் உடன்பட மாட்டேன். சிற்றலைப் பதிவை அப்படியே போட்டால் என் வயதுக்காரர்கள் ஒரு நிமிடம்கூடக் கேட்க மாட்டார்கள். இப்போது குரல், கிட்டார், டிரம்ஸ் ஆகியவற்றைக் கணினி தனித்தனியாகப் பிரிக்கிறது. 2021-இல் வந்த பீட்டில்ஸ் ஆவணப்படத்துக்கு அப்படித்தான் ஒற்றைத் தடத்தில் இருந்த பேச்சைப் பிரித்தெடுத்தார்கள். 2023-இல் லெனனின் பழைய கேசட்டிலிருந்து குரலை மட்டும் எடுத்து ஒரு முழுப் பாட்டே வெளியிட்டார்கள். பிபிசி பதிவுகளையும் அப்படிப் பிரித்து, குரலை நடுவிலும் கிட்டாரை ஓரத்திலும் வைத்து ஸ்டீரியோவாக்கிக் கேட்டிருக்கிறேன். எனக்குப் பிடித்திருந்தது. அக்கா மூலத்தைப் பத்திரமாக வைக்கட்டும், அதில் எனக்கும் ஆட்சேபம் இல்லை. கேட்பதற்கென்று இன்னொன்று ஏன் இருக்கக்கூடாது?

மேர்பேங்க் ரேடியோ:

தம்பி, இருக்கட்டும். தாராளமாகச் செய். கோப்பின் பெயரிலேயே என்ன செய்தாய் என்று எழுதிவிடு, அவ்வளவுதான் நான் கேட்பது. பத்து வருடம் கழித்து உன் ஸ்டீரியோ கோப்பு கை மாறி, யாரோ அதை ‘பிபிசியின் அசல்’ என்று நம்பி வாங்குவார். சேகரிப்பவர்கள் கேட்கிற ‘எது உண்மை’ என்ற கேள்வியெல்லாம் அங்கேதான் பிறக்கிறது. பிபிசி அன்று பதிந்தது ஒற்றைத் தடம். கிட்டார் ஓரத்தில் இருந்ததே இல்லை.

இன்னொன்று. நீ பேசுவது ஸ்டூடியோவிலும் நல்ல கேசட்டிலும் பதிந்தவற்றைப் பற்றி. சிற்றலையில் அலை மங்கி மங்கி வரும்போது ஒலியின் சில துண்டுகள் வானத்திலேயே தொலைந்துவிடுகின்றன. அந்த இடத்தில் கணினி மீட்பதில்லை, ஊகித்து நிரப்புகிறது. ஊகத்தை நான் லெனன் என்று சொல்ல மாட்டேன். பக்கத்து நிலையம் மோதுவதால் வரும் விசில் வேறு. சிற்றலையில் நிலையங்கள் 5 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் நிற்கும், அதனால் விசிலும் பெரும்பாலும் அந்த இடத்தில் மெல்லிய கோடாக நிற்கும். அந்தக் கோட்டை மட்டும் வெட்டினால் பாட்டுக்குச் சேதமில்லை. நகலில் அதை நானே செய்வேன்.

சாட்ஸ்வொர்த் வாணி:

மேர்பேங்க் அண்ணா சொன்னபடி பார்த்துவிட்டேன். பெரும்பாலான ரீல்கள் வெளிச்சத்தை விடுகின்றன, எனவே அசிடேட். ஒன்றில் காடி வாசனை வருகிறது. அதை வேறு அலமாரிக்கு மாற்றிவிட்டேன். கடைக்காரரிடம் ‘வேண்டாம்’ என்று சொல்லியாயிற்று.

அண்ணன் எடுத்த கேசட் நகலில் பீப் இருக்கிறது! மென்பொருளில் பார்த்தால் 1030 அருகில் நிற்கிறது. கீழே 50-இல் ஒரு கோடு, 51.5-இல் ஒரு கோடு. 3 சதவீதம் இறக்கினேன். அதுவரை கீச்சென்று இருந்த அறிவிப்பாளர் சட்டென்று ஒரு பெரிய மனிதராகிவிட்டார். ஆறு பீப்பும் ஒரே நீளம். அதன் பிறகு ‘ஜெனரல் ஓவர்சீஸ்’ வரை கேட்கிறது, மீதியை அலை விழுங்கிவிட்டது. சற்றுப் பொறுத்து ஜார்ஜ் ஹாரிசன் சக் பெர்ரியின் ‘ரோல் ஓவர் பீத்தோவன்’ பாடுகிறார். பாட்டு நடுவில் பெரியப்பா வீட்டில் யாரோ கதவைத் திறக்கும் சத்தம்கூட விழுந்திருக்கிறது. அதாவது ஒலிபெருக்கி முன் மைக் வைத்துத்தான் பதிந்திருக்கிறார். அந்தக் கதவுச் சத்தத்தை நான் ஒருநாளும் எடுக்கப் போவதில்லை.

இது வானொலிக்காகப் பாடியதா, அல்லது வெறும் இசைத்தட்டைப் போட்டார்களா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

லெனேசியா சேகரிப்பாளர்:

அப்படியானால் இது 1966 தடைக்கு முந்தியது. பெரியப்பா தடைக்காக லண்டனைத் தேடவில்லை, விருப்பப்பட்டே தேடியிருக்கிறார். கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது.

இசைத்தட்டா என்று அறிய வழி இருக்கிறது. வேகம் திருத்திய உங்கள் கோப்பையும் 1963 நவம்பரில் வந்த அவர்களுடைய இரண்டாவது ஆல்பத்தில் உள்ள அதே பாட்டையும் மேலும் கீழுமாக வைத்து, முதல் தாளத்தைப் பொருத்துங்கள். இரண்டும் கடைசி அடி வரை ஒன்றாகவே நடந்தால் அது தட்டு. நேரில் வாசிக்கும் குழு ஒருபோதும் அப்படி நடக்காது, அரை நிமிடத்துக்குள் விலகிவிடும். ஜார்ஜின் கிட்டார்ச் சுற்றைத் தனியாகக் கேளுங்கள், ஒவ்வொரு முறையும் ஏதாவது மாறும். விலகினால், வெளிவந்த பிபிசி பதிவுகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். இந்தப் பாட்டை அவர்கள் வானொலியில் பல முறை பாடியிருக்கிறார்கள்.

எதோடும் பொருந்தாவிட்டால் பிபிசிக்கே எழுதுங்கள். தொலைந்த பதிவுகளைப் பொதுமக்களிடம் கேட்டு 2001-இல் அவர்களே ஒரு தேடலைத் தொடங்கினார்கள். வீண் ஆசை காட்டவில்லை. லெட் செப்பெலின் குழு 1969-இல் வேர்ல்ட் சர்வீஸில் பாடிய ஒரு பகுதியின் மூல டேப் தொலைந்துபோனது. ரேடியோவிலிருந்து ஒரு நேயர் பிடித்து வைத்த பதிவைக் கொண்டுதான் 2016-இல் அதை அதிகாரபூர்வமாக வெளியிட்டார்கள். கரகரப்போடுதான் இருக்கிறது, ஆனாலும் தொகுப்பில் இடம் பிடித்தது.

ஃபீனிக்ஸ் கவின்:

அக்கா, ஒப்பிடும் வேலையை நான் செய்து தருகிறேன். குரல்களைப் பிரித்துக் கிட்டாரை மட்டும் அருகருகே வைத்தால் வித்தியாசம் உடனே தெரியும். கோப்பின் பெயரில் எல்லாம் எழுதிவிடுகிறேன், மாமா.

மேர்பேங்க் ரேடியோ:

அது நல்ல பயன்பாடு, செய் தம்பி.

வாணி, காடி வாசனை வரும் ரீலைத் தள்ளிப் போடாதே. என்னிடம் நான்கு தட மெஷின் ஒன்று ஓடும் நிலையில் இருக்கிறது, பெல்ட் புதிது. பெட்டியோடு கொண்டு வா, தபாலிலோ கூரியரிலோ அனுப்பாதே. ரீல்களைப் படுக்க வைக்காமல் நிற்க வை. கார் டிக்கியில் வைக்காதே, இந்த வெயிலில் அரை மணி நேரமே அதிகம். கதவில் ஒலிபெருக்கி இருந்தால் அதன் பக்கத்திலும் வேண்டாம், அதில் காந்தம் இருக்கிறது. ரீல்கள் என் அறையில் ஓர் இரவு அப்படியே இருக்கட்டும், மறுநாள் ஓட்டலாம். மின்வெட்டு அட்டவணையைப் பார்த்துவிட்டு நாள் சொல்லு. டேப் ஓடும்போது கரண்ட் போனால் அசிடேட் தாங்காது. ‘காற்று அதிகம்’ என்று எழுதிய அட்டைகளைத் தனியாகக் கட்டிக் கொண்டு வா, அவற்றில் ஹெட்டைத் திருப்ப அதிக நேரம் பிடிக்கும்.